கீச்சுவும் முப்பத்து மூன்றாவது பேயும்

முப்பத்திரண்டு பேய்களுக்குக் குரல் கொடுத்தவன் நான். அவற்றில் மூன்று பேய்கள் வீடு தேடி வந்து நன்றி சொன்னதாகப் பேச்சு. மிகைப்படுத்துவது எனக்குப் பிடிக்காது, வந்தவை இரண்டுதான்.

முப்பத்து மூன்றாவது, ஒரு சூப்பர்ஹீரோ படத்தில் வாய்த்தது. கதாநாயகி பத்தாம் வகுப்பு மாணவி. வகுப்பே கேலி செய்து அவள் வாயை அடைத்துவிடும். அந்தப் பயத்தை மோப்பம் பிடித்து வந்து அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பேய் குடியேறும். கடைசியில் அவள் அலறுவாள். அதுதான் அவள் சக்தி. சுவர்கள் விழும். பேய் கர்ஜித்தபடியே சாகும்.

கதாநாயகிக்கு டப்பிங் பேசியவள் சவுண்ட் இன்ஜினியரின் மகள், பதினைந்து வயது. வசனமெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அலறல்தான் வரவில்லை. பள்ளி விழாவில் மைக் முன்னால் இவள் குரல் உடைந்து, அரங்கமே சிரித்ததாம். அன்றிலிருந்து பள்ளியில் இவள் பெயர் கீச்சு, தொண்டைக்கும் பூட்டு. மூன்று நாளாக அலறச் சொன்னால், குக்கரில் ஆவி கசிகிற மாதிரி ஒரு சத்தம்.

"சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா வேற பொண்ணுதாம்மா," என்றார் டைரக்டர். "பேசின வசனமும் சேர்ந்தே போயிடும்."

பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் அப்பா, துடைத்த பட்டன்களையே மறுபடி துடைத்தார்.

வழக்கமாக ஒவ்வொருவராகத்தான் உள்ளே போய்ப் பேசுவோம். டைரக்டருக்கு யோசனை பிறந்தது. "பெரியவரே, நீங்களும் உள்ள போங்க. ஒரே மைக்தான். பக்கத்துல பேய் நின்னா பயம் தானா வரும்."

திரையில் காட்சி ஓடியது. அடிவயிற்றிலிருந்து உறுமினேன். கீச்சு என்னைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"தாத்தா, உறுமும்போது உங்க காது தனியா ஆடுது!"

முப்பத்திரண்டு பேய்களின் மானமும் ஒரே நொடியில் கப்பலேறியது. கண்ணாடிக்கு அப்பால் டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் அப்பாவும்தான். சத்தம் இந்தப் பக்கம் வராது. பிளந்த வாய்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

கீச்சுவின் சிரிப்பு நின்றது. "அன்னிக்கும் இப்படித்தான் இருந்தாங்க," என்றாள்.

'உன்னைப் பார்த்து இல்லம்மா, என் காதைப் பார்த்து' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அலறிவிட்டாள்.

அதிகம் வர்ணிக்கப் போவதில்லை. கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் கண்டது. அடுத்த தெருச் சலூனில் ஒருவருக்குப் பாதி மீசை போயிற்று. என் தலையில் மிச்சமிருந்த ஏழு முடியும் எழுந்து நின்றன, இன்னும் உட்காரவில்லை. பயத்தில் நானும் அலறினேன்.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள்.

"பேய் எதுக்குய்யா கத்துது?" என்றார் டைரக்டர்.

"பயந்துடுச்சுங்க," என்றேன்.

"கர்ஜிக்கணுமே! அதை மட்டும் எடுத்துடுங்க."

"ஒரே மைக் சார். ரெண்டு குரலையும் பிரிக்க முடியாது," என்றார் அப்பா.

"அதனால என்ன, மறுபடி கத்துறேன் சார்," என்றாள் கீச்சு. "பத்து தடவை வேணும்னாலும்."

டைரக்டர் விரிசலைப் பார்த்தார். "வேணாம் தாயி. இதுவே இருக்கட்டும்."

தியேட்டரில் பேய் அலறியதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முப்பத்து மூன்று பேய்களில் நான் வாங்கிய முதல் கைதட்டல். பக்கத்து இருக்கையிலிருந்து கீச்சு என் பக்கம் சாய்ந்தாள்.

"தாத்தா, உறுமுறதெல்லாம் விட்டுடுங்க. உங்களுக்குப் பயப்படத்தான் நல்லா வருது."