இருபது கையெழுத்து

கலாதேவி தேர்தலில் நிற்பதற்குக் காரணம் ஒரு பஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இருக்கும் பகுதியிலிருந்து முதல் பஸ் எட்டு மணிக்குத்தான் புறப்படும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவருக்கு வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். பதினொரு வருடமாக ஞாயிறுதோறும் நாற்பது நிமிடம் நடந்தே போனார். போன மாரிக் குளிரில் பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு நகரசபைக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. நான்காவது கடிதம் எழுதவில்லை. நகரசபைக்கே உறுப்பினராகப் போவதென்று முடிவெடுத்தார்.

டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன நகரம் அது. செப்டம்பரில் தேர்தல். கட்சி இல்லாமல் தனியாக நிற்பவர் தன் வட்டாரத்து வாக்காளர்கள் இருபது பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வேட்புமனுவுக்குப் பொறுப்பாக இன்னொருவரும் வேண்டும். அந்த ஆளை ஜெர்மன்காரர்கள் 'வெர்ட்ராவன்ஸ்பெர்சோன்' என்பார்கள், நம்பிக்கைக்குரியவர் என்று அர்த்தம். தேர்தல் அலுவலகம் ஏதும் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அந்த வேலைக்குக் கலாதேவி பிடித்த ஆள், எதிர்வீட்டுச் சுகிர்தன்.

"தம்பி, நீர் மருந்துக்கடையில நிக்கிற ஆள். டொக்டர்மாற்ர கோழிக்கிறுக்கலையே வாசிக்கிறீர். இந்தப் படிவமெல்லாம் உமக்கு ஒரு வேலையே?"

சுகிர்தன் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டான். சட்டத்தை வாசித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு கையெழுத்தும் தனித்தனிப் படிவத்தில் இருக்க வேண்டும். அந்தந்த ஆள் தன் கையாலேயே போட வேண்டும். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு மட்டும்தான் போடலாம். எல்லாம் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் அலுவலக மேசையில் இருக்க வேண்டும். ஆறு மணி ஒரு நிமிடம் என்றாலும் எடுக்கமாட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவனுடைய மேசையில் இருபத்தொரு படிவங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் இரண்டு தாள்களில் நின்றுவிட்டான். ஒன்றில் டொறத்தி என்றும் மற்றதில் மிதுசா என்றும் கையெழுத்து. இரண்டிலும் 't' என்ற எழுத்தின் குறுக்குக் கோடு ஒரேமாதிரி மேலே வளைந்திருந்தது. அந்தத் தாள்களைக் கொண்டுவந்து தந்தவர் அன்ரன், டொறத்தியின் கணவர். மிதுசா அவர்களுடைய மகள். அன்ரனுடைய சொந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தான். அங்கேயும் அதே வளைவு.

உடனே கலாதேவிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அன்ரன் அண்ணைதான் மூண்டையும் போட்டிருக்கிறார் போலக் கிடக்கு, அக்கா."

"கேட்டிருந்தால் அதுகள் போட்டிருக்கும்தானே?" என்றார் கலாதேவி, மெதுவாக.

"போட்டிருப்பினம். ஆனால் போடேல்லை. தெரிஞ்சுகொண்டு நான் இதைக் குடுக்க ஏலாது. இது குற்றம்."

"அப்ப பத்தொன்பது."

"ஓம், பத்தொன்பது."

"சரி, அதை எடுத்து அங்கால வையும்," என்றார் கலாதேவி. "பொய்க் கையெழுத்தில நிண்டால் பிறகு நான் எந்த முகத்தோட கேள்வி கேக்கிறது? நீர் அன்ரன் அண்ணையிட்டப் போம். எனக்கு ரெண்டு மணிக்கு வேலை."

அன்ரன் கதவைத் திறந்ததும் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். சுகிர்தன் வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் கறுத்துப்போனது.

"உதவி செய்ய வெளிக்கிட்டால் கள்ளன் பட்டமே? என்ர வீட்டு ஆக்களுக்கு நான் போட்டது ஒரு பிழையே?"

"உங்கட நல்ல மனசு எனக்குத் தெரியும், அண்ணை. அலுவலகத்துக்கு அது தெரியாது."

அப்போது உள்ளேயிருந்து டொறத்தி வந்தார். முதியோர் இல்லத்துச் சலவைப்பகுதியில் வேலை செய்பவர், அன்று அவருக்கு லீவு. சுகிர்தன் மேசையில் வைத்த தாளை எடுத்துத் தன் பெயரை இரண்டு தரம் வாசித்தார்.

"இது நான் போட்டதில்லை."

"உமக்காகத்தானே போட்டனான்," என்றார் அன்ரன்.

"என்னைக் கேட்டனீங்களே? முப்பது வருசமாய் இந்த வீட்டில எந்த வோட்டுக்கும் என்னை ஒருத்தரும் கேட்டதில்லை." பிறகு சுகிர்தனிடம் திரும்பினார். "தம்பி, மிதுசா இப்ப எர்லாங்கனில பதிஞ்சிருக்கிறாள். அவளுக்கு இஞ்ச வாக்கில்லை. நானும் போன மாசம் வேலையில ஒரு பிள்ளை கேட்டு வேற ஆளுக்குக் கையெழுத்துப் போட்டிட்டன். நாய் பூனையளுக்கு நல்லது செய்யப்போறன் எண்டு நிக்கிற ஒராள்."

இரண்டு தாள்களும் அலுவலகத்துக்குப் போயிருந்தால், டொறத்தியின் பெயர் இரண்டு வேட்பாளர்களிடம் இருப்பது தெரிந்து எல்லாமே பிடிபட்டிருக்கும் என்று சுகிர்தன் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்ரன் தாமாகவே அவற்றை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்தார். "பிழைதான்," என்றார், தரையைப் பார்த்தபடி.

சுகிர்தன் எழும்பினான். டொறத்தி விடவில்லை.

"இருங்கோ. கலா எதுக்கு நிக்கிறா?"

சுகிர்தன் பஸ்ஸைப் பற்றிச் சொன்னான். டொறத்தி கையைத் துடைத்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டார்.

"எனக்குக் கையெழுத்துப் போட ஏலாது. கதவைத் தட்ட ஏலும். மேல் மாடியில இருக்கிற லின்ட்னர் அம்மா பேக்கரியில வேலை. ஞாயிறு விடிய அவவும் நடந்துதான் போறா. வாங்கோ."

சுகிர்தன் வெறும் படிவங்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். டொறத்தியின் ஜெர்மன் இலக்கணம் தடுமாறும், ஆனால் ஒருவரும் அவரை நடுவில் நிறுத்தவில்லை. லின்ட்னர் அம்மா கதவிலேயே சாய்ந்து நின்று கையெழுத்திட்டார். இரண்டாம் மாடியில் ஒரு போலந்துக்காரர், ஐரோப்பியக் குடிமக்களுக்கும் இங்கே வாக்கு உண்டு என்று அன்றுதான் அறிந்ததாகச் சொல்லிக் கையெழுத்திட்டார். கீழ் வீட்டில் ஒரு இளம் தாதி, "பஸ் வருமென்றால் பத்துக் கையெழுத்துப் போடுவேன்," என்றாள்.

"ஒண்டே ஒண்டுதான் போடலாம்!" என்று டொறத்தியும் சுகிர்தனும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மூன்று சேர்ந்து இருபத்திரண்டு ஆனது.

திங்கட்கிழமை சுகிர்தன் அரைநாள் லீவு எடுத்தான். அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டில் தேடிப் பார்த்தாள். பதினாறாவது தாளில் நிமிர்ந்தாள். அந்த மனிதர் வீதியின் மறுபக்கம் வசிக்கிறார், அது வேறு வட்டாரம் என்றாள். சுகிர்தன் மிச்சத் தாள்களை மனதுக்குள் எண்ணினான். கலாதேவி பக்கத்துக் கதிரையில் அசையாமல் இருந்தார். கடைசித் தாளில் முத்திரை விழுந்தபோது நேரம் ஐந்தேகால்.

"இருபத்தொன்று. போதும்," என்று அந்தப் பெண் சிரித்தாள்.

வெளியே வந்ததும் கலாதேவி படியில் இருந்துவிட்டார். "அந்த ரெண்டையும் குடுத்திருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

தேர்தலில் அவர் வெல்லவில்லை. ஆறு பேரில் மூன்றாவதாக வந்தார், முந்நூற்று எண்பத்தேழு வாக்கு. பள்ளிக்கூட மண்டபத்தில் எண்ணி முடித்ததும், வென்ற பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கலாதேவியின் கையைப் பிடித்தார். "இந்த வட்டாரத்தில் இத்தனை பேர் ஞாயிறு விடிய வேலைக்குப் போகிறார்கள் என்று நீங்கள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. சபையில் பொதுமக்கள் கேள்வி கேட்கிற நேரம் உண்டு. நீங்கள் வந்து கேளுங்கள், நான் பக்கத்தில் நிற்பேன்," என்றார்.

கலாதேவி கேட்டார். பின்வரிசையில் அன்ரனும் டொறத்தியும் லின்ட்னர் அம்மாவும் அந்தத் தாதியும் இருந்தார்கள். டிசம்பரிலிருந்து ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக ஞாயிறு காலை ஐந்து இருபதுக்கு ஒரு பஸ் விடுவதென்று சபை தீர்மானித்தது.

அடுத்த நாள் சுகிர்தன் கடையில் நின்றபோது தொலைபேசி அடித்தது.

"தம்பி, அடுத்த கூட்டம் எண்டைக்கு?" என்று கேட்டார் கலாதேவி. "ஸ்டேஷனில லிஃப்ட் ஒரு வருசமாய்ப் பழுதாய்க் கிடக்கு. அதையும் ஒருக்கால் கேக்கவேணும்."