ரிவ்கா எதற்காக எழுந்து நின்றாள்

"அவ எதுக்குங்க நிறுத்தறா? மொதல்ல அதைச் சொல்லுங்க."

"அது இன்னும் தெரியல."

"தெரியாமயா அத்தன ஆம்பளைங்க முன்னாடி எந்திரிச்சு நிக்கிறா?"

"கதைல அப்படித்தான். மொதல்ல நிக்க வெச்சுடணும். காரணம் அப்புறமா வரும்."

"நிக்கிறவளுக்குத்தானே கால் வலிக்கும்" என்றாள் கலாவதி, கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல்.

1

கலாவதி என் மனைவி. நான் ரஞ்சித்குமார். ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் அருகே, அடுப்பில் பருப்பு பொங்கினால் படுக்கையில் தெரிகிற அளவுள்ள வீடு எங்களுடையது. நான் கதையைக் கையால் எழுதுவேன், அவள் டைப் செய்வாள். பகலெல்லாம் மன்ஹாட்டன் வங்கிக்கு புரோகிராம் எழுதுகிற எனக்கு, தமிழ் ஃபான்ட்டில் 'ழ' எங்கே இருக்கிறது என்று 1999 வரைக்கும் தெரியவில்லை.

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கியதில் பிறந்தது. ஒதுங்கிய இடம் நூலகம். கையில் அகப்பட்டது இடைக்கால ஐரோப்பிய யூதர்களைப் பற்றிய புத்தகம். அதில் ஒரு வழக்கம். அநியாயத்துக்கு ஆளான ஒருவர் ஜெபக்கூடத்தில் எழுந்து வழிபாட்டையே நிறுத்தலாம். 'உன் முறையீட்டைக் கேட்கிறோம்' என்று சபை சொல்லும்வரை வேதச் சுருளை வாசிக்க முடியாது. சுருளைப் பிடித்தபடி ரபி, அதாவது மதகுரு, காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தேறியவனுக்கு, பார்க்காத ஊரின் பனி என்றாலே சிலிர்க்கும். (ஜெர்சி சிட்டியின் பனியை வாரிப் போடும்போது சிலிர்ப்பதில்லை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது.)

2

முதல் தொடக்கம்: "ரைன் நதியின் மேல் பனி ஒரு பழைய துக்கத்தைப் போல…"

(விட்டுவிட்டேன். யாருடைய துக்கம் என்று டைப் செய்தவர் கேட்டார்.)

இரண்டாவது தொடக்கம்: "ரபி எலியாசர் உருளைக்கிழங்கு சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த…"

(விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு உருளைக்கிழங்கு வந்திருக்கவில்லை. தக்காளியாக மாற்றினேன். அதுவும் வந்திருக்கவில்லை. ஒரு வாரம் ரபி பட்டினி.)

மூன்றாவது: "சனிக்கிழமைக் காலை. ரபி சுருளை எடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ரிவ்கா எழுந்தாள். 'நிறுத்துங்கள்' என்றாள்."

இதை வைத்துக்கொண்டேன். ரபிக்கு முகம் வேண்டியிருந்தது. மதத் தலைவர்கள் யாரும் எனக்குப் பழக்கமில்லை. தெரிந்தவர் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர், ஐசலின் ஊரில் இருக்கும் அனந்தராமன் அங்கிள் மட்டும்தான். உலகத்தின் எந்தத் தகராறையும் "சாப்பிட்டுட்டுப் பேசலாமே" என்று தீர்த்துவைப்பவர். அவருக்கே தாடி ஒட்டி ரைன் கரைக்கு அனுப்பினேன்.

[அங்கிளுக்குத் தாடி நல்லாவே இல்லை. — க.]

3

ரிவ்கா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு குறை தேட வேண்டும். முதலில், பக்கத்து வீட்டுக்காரன் அவள் வாத்தைத் திருடிவிட்டதாக எழுதினேன்.

"வாத்துக்காகவா சாமி கும்பிடறதை நிறுத்துவாங்க?" என்றாள் கலாவதி.

மறுபடி அந்தப் புத்தகம். அந்தக் கால ரபிகள் இன்னொன்றும் விதித்திருந்தார்களாம்: வியாபாரத்துக்காகக் கணவன் நெடுநாள் வெளியூர் போவதானால் மனைவியின் சம்மதம் வேண்டும். மேஜையைத் தட்டினேன். உடனே ரிவ்காவுக்கு மெய்ர் என்ற கம்பளி வியாபாரியைக் கட்டிவைத்தேன். அவளைப் பேசவும் விட்டேன்:

"என் கணவர் தூரதேசத்துச் சந்தைக்குப் போகிறார். என்னைக் கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்கிறார். என்னை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிறார். அதையும் என்னைக் கேட்கவில்லை."

எழுதும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். கலாவதியும் நம்பவில்லை.

[நான் டைப் பண்றது இதோட நிக்குது. — க.]

4

இனி நானே, ஒற்றை விரலால். எழுத்துப் பிழைகள் என்னுடையவை. மற்ற பிழையும்தான்.

டாலஸில் எட்டு மாத புராஜெக்ட். போவீர்களா என்று கம்பெனி போனில் கேட்டபோது ரயிலில் நின்றுகொண்டே சரி என்றேன். ஒருவருக்குத்தான் அறை தருவார்கள். அதனால் கலாவதிக்குக் கரூருக்கு, என் அம்மா வீட்டுக்கு, டிக்கெட் போட்டு, வீட்டுக்காரரிடம் வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு அவளிடம் சொன்னபோது, அவளுடைய டேட்டாபேஸ் கோர்ஸ் பாதியில் இருப்பது ஞாபகம் வந்தது. ஊரிலிருந்து திரும்பி வந்து முடித்துக்கொள்ளலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மெய்ரும் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் வீட்டில் சங்கக் கூட்டம். கடவுள் வாழ்த்து, பிறகு என் கதை, பிறகு சாப்பாடு. அங்கிளின் மனைவி ஸ்வர்ணா ஆன்ட்டி தொண்டையைச் செருமியதும் கலாவதி எழுந்தாள்.

"ஸாரி ஆன்ட்டி. கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏம்மா, சுருதி சேரலியா?"

"சுருதி சரியாத்தான் இருக்கு. எனக்கு ஒரு நியாயம் வேணும்."

ஹாலில் காகிதத் தட்டுகளின் சலசலப்பு நின்றது. ஒரு குழந்தை, "மாம், வாட் இஸ் ஷீ டூயிங்?" என்றது.

பின்வரிசையிலிருந்து திருமூர்த்தி கைதட்டினார். "டிராமாவா? ரஞ்சித் எழுதினதா? ஓப்பனிங்கே சூப்பர்ப்பா!"

நான் ஆமென்று தலையசைத்திருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். தலை பாதி அசையவும் அசைந்தது.

"டிராமா இல்லைங்க. வியாழக்கிழமை ஃபிளைட்" என்றாள் கலாவதி. பிறகு டாலஸ், கரூர், கோர்ஸ் மூன்றையும் சொன்னாள். ரிவ்காவுக்கு நான் எழுதிக் கொடுத்ததைவிடக் குறைந்த சொற்களில்.

ரபி எலியாசர், அதாவது அங்கிள், அலுமினிய டிரேயைப் பார்த்தார். "அம்மா கலாவதி, சாப்பிட்டுட்டுப் பேசலாமே. சாம்பார் சாதம் ஆறிடும்."

"ஆறட்டும் அங்கிள்."

5

முடிவுகளை முன்பே எழுதிவைத்திருந்தேன்.

ஒன்றில் மெய்ர் குதிரையிலிருந்து இறங்கி மிக அழகாக அழுகிறான். (ரிவ்காவுக்கு அதில் வசனமே இல்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.)

இன்னொன்றில் ரிவ்காவே மன்னித்து உட்கார்ந்துவிடுகிறாள். (அந்தத் தாளைக் கிழித்து, துண்டுகளைத் தனித்தனிக் குப்பைத்தொட்டிகளில் போட்டேன்.)

எனக்குப் பிடித்தது மூன்றாவது: எல்லோர் மேலும் பனி பொழிகிறது. நான் படித்த நாவல்களில் பாதி அப்படித்தான் முடிகின்றன. பனி பொழிந்துவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அது மே மாதம். ஐசலினில் நல்ல வெயில்.

ஆகவே நீங்களும் தட்டோடு வந்து அந்த ஹாலில் நில்லுங்கள். பசிக்கும். எழுந்து நின்றவள் மேல்தான் முதலில் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. ஸ்வர்ணா ஆன்ட்டி சுருதிப்பெட்டியை அணைத்தார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், முதல்முறையாக டிரேயிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தார். கலாவதி உட்காரவில்லை.

"அங்கிள், நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்க. என் டிக்கெட்டை கேன்சல் பண்றேன்னு சொல்லச் சொல்லுங்க. இங்கயே, இவங்க எல்லார் முன்னாடியும்."