மக்டலீன் அக்காவின் குரல்

கொழும்புத்துறையில் மக்டலீன் அக்காவின் குரலைத் தெரியாதவர் இல்லை. தவக்காலத்தில் மாதா கோயிலில் புலம்பல் பாடுவது அவர்தான். இளைஞர் மன்றம் அதை நேரலையாகப் போடும். கனடாவிலும் பாரிசிலும் இருக்கிற சொந்தங்கள் பார்த்து அழுவார்கள்.

அவரும் கணவர் யாகப்பு அண்ணையும் கரையோரக் கடலில் வலை போட்டுச் சீவிக்கிறவர்கள். அந்தக் கடலை ஒரு கடலட்டைப் பண்ணைக் கொம்பனி வேலி போட்டு அடைத்தது. தட்டிக் கேட்ட ஆம்பிளைகள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்டார்கள். அக்கா ஒதுங்கவில்லை. எங்கள் சின்ன இணையச் செய்தித்தளத்துக்கு நான் எடுத்த பேட்டியில் முகத்தைக் காட்டியே கொம்பனி செய்ததெல்லாம் சொன்னார். மனித உரிமை விசாரணைக்கும் வருவதாக ஒப்புக்கொண்டார். அவர் சாட்சி சொன்னால் வேலி கழலும் என்று நம்பினேன்.

விசாரணைக்கு முந்திய வாரம் ஊர்க் கைபேசிகளில் ஓர் ஒலிப்பதிவு பரவியது. பேட்டியில் சொன்னதெல்லாம் பொய், செய்திக்காரப் பெட்டைதான் சொல்லித் தந்தவள் என்று அக்காவே சொல்கிறார். பெட்டை என்றது என்னை. மூச்சு வாங்குகிற இடம்கூட அவருடையது. ஒருவரின் குரலை நகலெடுக்கச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொஞ்சப் பதிவு போதுமாம். கோயில் நேரலையில் அவர் குரல் மணித்தியாலக் கணக்கில் கிடந்தது. செய்தது யாரென்று என்னால் நிரூபிக்க முடியாது. யாருக்கு இலாபம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொம்பனியோ, தாங்கள் பொறுப்புள்ள வணிகர்கள் என்று அழகான தமிழில் அறிக்கை விட்டது. அதையும் இயந்திரம்தான் எழுதியிருக்கும்.

வேற்றூரில் என்றால் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இங்கே வருசா வருசம் கேட்ட குரல். மக்டலீன்ரை குரல் எங்களுக்குத் தெரியாதோ என்று கேட்டார்கள். தெரிந்ததால்தான் ஏமாந்தார்கள்.

மறுப்புச் செய்தி போட்டேன். நாங்கள் காணொளி போடுகிற தளத்தின் தானியங்கிக் கண்காணிப்பு, எங்கள் பேட்டியைத்தான் போலி என்று தூக்கியது. உண்மையான போலி ஊரெல்லாம் சுற்றியது. முறையிட்டேன், பதில் சொன்னதும் இயந்திரம். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது?

அக்கா யாகப்பு அண்ணையோடு விசாரணைக்கு வந்தார். அதிகாரி ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, இது உங்கள் குரலா என்று கேட்டார். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"ஓம் ஐயா, என்ரை குரல்தான். ஆனா நான் உப்பிடிக் கதைக்கேல்லை."

அதிகாரி முதல் பாதியை எழுதிக்கொண்டு பேனாவை மூடிவிட்டார். சாட்சி நம்பத்தக்கதல்ல என்று முடிந்தது. வேலி கழலாது.

ஓட்டோவில் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வீட்டுப் படலையடியில் இறங்கியதும் யாகப்பு அண்ணை அக்காவின் கையைப் பிடித்தார்.

"எனக்கெண்டாலும் உண்மையைச் சொல்லு மக்டலீன். எப்ப கதைச்சனீ?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். எதைச் சொன்னாலும் அதே குரலில்தானே சொல்ல வேண்டும். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். யாகப்பு அண்ணை நம்பினாரா தெரியாது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.