அர்ச்சனாவுக்கு ஒரு கேரம் மேசை

பச்சைமுத்து பலகையில் கன்னத்தை ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். எங்கோ மேடு தட்டியிருக்க வேண்டும். நிமிர்ந்து உப்புத்தாளை எடுத்து மறுபடி தேய்த்தான். வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த அம்பிகா கையை நிறுத்திவிட்டாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் இந்த மனுஷன் எதையும் இவ்வளவு பொறுமையாகத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

மேசை அவன் தங்கை அர்ச்சனாவுக்கு. பொன்னேரி காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். அடுத்த மாதம் மாவட்டக் கேரம் போட்டி. கோட்டைக்குப்பம் மன்றத்துப் போர்டை ஆம்பளைகள் விட்டு எழுந்தால்தானே அவள் ஆடுவதற்கு? ஒருநாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாள். மறுநாளே ப்ளைவுட் வந்து இறங்கிவிட்டது. சட்டத்துக்கும் காலுக்கும் பழைய படகின் பலகையை அறுத்தான். அந்தப் பலகையில் அடுப்படிக்கு ஒரு தட்டு அடித்துத் தரச்சொல்லி அம்பிகா இரண்டு வருஷமாய்க் கேட்கிறாள். உளுத்துப்போன கட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தான். தங்கைக்கு என்றதும் உளுப்பு எங்கே போனதோ.

நாலு மூலைக்கும் பை பின்ன அம்பிகாவிடம்தான் நூலைக் கொடுத்தான். “உன் முடிச்சு மாரி எனுக்கு வராது” என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பார்த்துப் பார்த்துப் பின்னினாள். மாட்டி முடித்ததும் அண்ணனும் தங்கையும் தலையோடு தலை முட்டக் குனிந்து, காயைப் பையில் போட்டுப் போட்டு எடுத்துச் சிரித்தார்கள். பின்னியது யார் என்று ஒருவரும் பேசவில்லை.

வார்னிஷ் அடித்த மறுநாள் அவன் விடியுமுன்னே ஏரிக்கு மீன்பிடிக்கப் போய்விட்டான். அர்ச்சனா காலேஜ் கிளம்பும்போது பலகையை வெயிலில் போட்டுவிட்டு, “அண்ணி, மழ வந்தா உள்ள இழுத்து வச்சிடுங்க” என்று சொல்லிப் போனாள்.

பதினொரு மணிக்குப் பசியாவரம் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்பிகா கதவருகே நின்றாள். ஏரித் தண்ணீர் மேல் மழை வெள்ளையாய் நகர்ந்து வருவது தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் போதும். முதல் துளிகள் பலகையில் பொட்டுப் பொட்டாய் விழுந்தன. அப்போதும் கால் எழவில்லை. உள்ளே ஏதோ ஒன்று, விழட்டும், நல்லா விழட்டும் என்றது. மழை விட்ட பிறகுதான் போய் இழுத்து வந்தாள். நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ப்ளைவுட் உள்ளங்கை அளவுக்கு உப்பிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பச்சைமுத்து அந்த உப்பலை விரலால் தடவினான். “யாரு வெளில போட்டது?”

அம்பிகா வாயைத் திறக்குமுன் அர்ச்சனா கண் கலங்கச் சொன்னாள். “நான்தாண்ணா. காய்ட்டும்னு போட்டேன். அண்ணிகிட்ட சொல்லாம பூட்டேன்.”

“சரி உடு. அழுவாத. வேற பலக போட்டுக்கலாம்” என்றான். பஞ்சு மாதிரிக் குரல்.

அம்பிகாவுக்கு அங்கேதான் தாங்கவில்லை. பழியைக்கூட இந்தப் பெண் எடுத்துக்கொண்டு, அதற்கும் சேர்த்து அவன் பிரியத்தை வாங்கிக்கொண்டாள்.

“அவ சொல்ட்டுதான் போனா” என்றாள். “நான்தான் நனையட்டும்னு நின்னு பாத்துகினு இருந்தேன்.”

பச்சைமுத்து அவளை வெறித்தான். “இன்னாத்துக்கு?”

“எனுக்குன்னு ஒரு பலகய இப்டி நீ தேச்சிருக்கியா?”

அவன் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அம்பிகாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

அர்ச்சனா பலகையைத் தூக்கிக் கால்களின் மேல் வைத்தாள். பவுடர் தூவினாள். ஒரு கறுப்புக் காயை நடுவில் வைத்துவிட்டு ஸ்ட்ரைக்கரை அம்பிகாவின் பக்கம் தள்ளினாள்.

“நீங்க அடிங்க அண்ணி.”

அடிக்கத் தெரியாது என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல் சுண்டினாள். இறால் மணக்கும் விரலிலிருந்து கிளம்பிய ஸ்ட்ரைக்கர் காயைத் தட்டியது. காய் உப்பலின் மேல் ஏறி, வேகம் செத்து, உச்சியில் நின்று லேசாக ஆடியது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது எந்தப் பக்கம் இறங்கும் என்று.