பதினோரு குழாய் ரத்தம்

1

இந்தக் கதை நான் திருடியது. ஹுப்பள்ளியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக ஊசி குத்துகிறேன். குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே பெண்கள் சொல்வதையும் கேட்கிறேன். இது சுவர்ணா சொன்னது. பெயர் மட்டும் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று வானமும் அழுத..." அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். அவளும் அழவில்லை.

[மூன்று கரு கலைந்தவள் அழாமலா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அழுறதுக்கு எங்க வீட்ல ஆள் நிறைய இருக்காங்கக்கா" என்றாள்.]

2

முதல் கரு கலைந்தபோது மாமியார் பாரவ்வா பழியைப் பப்பாளி மேல் போட்டாள். இரண்டாவதற்கு ஸ்கூட்டர். மூன்றாவதற்கு, சுவர்ணாவின் ரத்தம்.

"இவ ரத்தமே சூடு டாக்டரம்மா. நல்லாப் பாத்து எழுதிக் குடுங்க" என்றாள் டாக்டரிடம்.

பதினோரு குழாய் எடுத்தேன். ரத்தம் கட்டிக்கொள்ளும் கோளாறு, தைராய்டு, சர்க்கரை, இன்னும்... [போதும், கதை மருந்துச் சீட்டாகிறது.]

எல்லாமே சரியாக இருந்தது. பாரவ்வாவின் முகம் தொங்கிவிட்டது.

"ஒண்ணுமே இல்லியா? சரியாத் தேடினீங்களா?"

3

"அடுத்து உங்க மகனோட ரத்தம்" என்றார் டாக்டர்.

"ஆம்பளைக்கு எதுக்கு? அவனா சுமந்தான்?"

மகன் ஈரண்ணாவை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். முறுக்கு மீசைகூட வரைந்து வைத்தேன். அவனோ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"இவள நீங்க குத்துறப்பல்லாம் நான் வெளிய டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்க்கா" என்றான்.

என் வில்லன் கைவிட்டுப் போனான்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அவனுடைய குரோமோசோம்களில் இரண்டு, தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. அவனுக்கு அதனால் ஒரு குறையுமில்லை. ஆனால் சில கருக்களுக்குப் பங்கு கூடியோ குறைந்தோ போய்விடும், அவை தங்காது. "இதுல யார் தப்பும் இல்ல" என்றார் டாக்டர்.

"மெஷின் தப்பு" என்றாள் பாரவ்வா.

"என் ரத்தத்துல குத்தம் வந்திருந்தா மெஷின் சரியா இருந்திருக்கும், இல்ல அத்தே?"

பாரவ்வா ஜன்னலைப் பார்த்தாள். ஈரண்ணா, "மூணையும் நான்தான்..." என்று தொடங்கினான். அந்த வாக்கியத்தை அவனும் முடிக்கவில்லை, நானும் முடிக்கப்போவதில்லை.

சுவர்ணா அவன் கையைப் பிடித்தாள். "டாக்டரம்மா சொன்னது காதுல விழலியா? யார் தப்பும் இல்ல. எனக்கு இத்தனை நாளா யாரும் சொல்லாதத உங்களுக்கு நான் சொல்றேன், கேட்டுக்குங்க."

4

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். (அ) இரட்டைக் குழந்தைகள். (ஆ) தத்தெடுப்பு. (இ) பாரவ்வா மனம் திருந்துகிறாள். [மூன்றாவதை நானே நம்பவில்லை.]

சுவர்ணாவிடமே கேட்டேன்.

"அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் கோகர்ணம் போறோம். கடல் பாக்கணும்."

"அது சரி, கதைக்கு முடிவு?"

"ஏன்க்கா, குழந்தை பிறந்தாத்தான் கதை முடியுமா? அவ்வளவு அவசரம்னா, படிக்கிறவங்க பெத்துக்கட்டும்!"