பூ வைக்க வந்த இடத்தில்

பிடிக்கவில்லை என்று தமிழில் சொல்லிச் சொல்லி லாவண்யா ஓய்ந்துவிட்டாள். அம்மா அதை வெட்கம் என்றாள். சம்பந்தம் பேசிய பரந்தாமன் மாமா, "பழகினா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். மாப்பிள்ளை வீட்டில் போய், "பொண்ணு கூச்ச சுபாவம்" என்று அளந்துவிட்டும் வந்தார். அவருக்கென்ன, கழுத்தை நீட்டப் போவது அவரா?

மாப்பிள்ளை கோகுல்நாத்தோடு அவள் ஒரே ஒருமுறைதான் வெளியே போனாள். பூந்தமல்லி ஓட்டலில் தண்ணீர் வைக்கும் பெரியவரை அவன் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டான். பிறகு பல்லைக் குத்திக்கொண்டே, "குவார்ட்டர்ஸ்ல வளந்த பொண்ணுங்க சொன்னதைக் கேட்டுகினு கெடக்கும்னாங்க, அதான் ஓகே சொன்னேன்" என்று சிரித்தான். அன்றைக்கே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பிடிக்கவில்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நூம்பலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் அவள் வீட்டுக்குப் பூ வைக்க வந்து இறங்கிவிட்டார்கள். தலையில் பூ ஏறிவிட்டால் அடுத்தது தாலிதான்.

லாவண்யா நேராக அவன் எதிரே போய் நின்றாள். அவனைப் பெற்றவளுக்குப் புரியாமல் அவனே கௌரவமாக எழுந்து போகட்டும் என்று இங்கிலீஷில் பேசிக் கடைசியாக ஒரு மரியாதை கொடுத்தாள்.

"ஐ கான்ட் ஸ்டாண்ட் யூ."

உன்னைக் கண்டாலே ஆகாது என்று அவள் சொன்னது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. முகம் செத்துப்போனது.

"இன்னாடா சொல்லுது பொண்ணு?" என்றாள் அவன் அம்மா பஞ்சவர்ணம், கையில் மல்லிகைச் சரத்தோடு.

"என்னை ரொம்பப் புடிச்சிருக்காம்மா."

சீ, இவ்வளவுதானா இவன்! பெற்ற தாயிடமே கூசாமல் புளுகுகிறானே. பஞ்சவர்ணம் பூரித்துப்போய்ப் பூவோடு நெருங்கினாள். லாவண்யா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க புள்ளை பொய் சொல்றாரு. இவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதைத்தான் இங்கிலீஷ்ல சொன்னேன். இந்தப் பூ எனக்கு வேணாம்."

பரந்தாமன் மாமா, "கொழந்தைக்குக் கூச்சம்..." என்று இழுத்தார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

பஞ்சவர்ணம் சரத்தைத் தட்டில் போட்டாள். மகனையே பார்த்தாள்.

"போன மாசம் சென்னீர்குப்பத்துல பாத்தமே, அந்தப் பொண்ணும் உன்னாண்ட இங்கிலீஷ்லதானே பேசிச்சு? அதுக்கு வேற லவ்வு கீதுன்னு சொன்னியே. அது மெய்யாலுமே இன்னாடா சொல்லிச்சு?"