ஆற்காட்டுக்கும் ஆலங்காயத்துக்கும் ஒரே எண்

2007 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆற்காட்டில் ஜெயகரன் வீட்டுச் சமையலறையின் பின்கதவு ஆலங்காயத்தில் திறந்தது. பஸ் மாறி மாறிப் போகவேண்டிய ஊர் அது. குப்பை கொட்டக் கதவைத் திறந்தவன், எதிரே மலையையும், சுகாதார நிலையத்து வராந்தாவில் ஊசியும் கையுமாக நின்ற தன் மனைவி பொன்மலரையும் பார்த்து, குப்பையைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டான். அவளுக்கு அங்கே நர்ஸ் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவன் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் புருஷன். "இன்னாங்க, செவ்வாக்கெழமைல வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டவள், அவன் முதுகுக்குப் பின்னால் தன் வீட்டு அடுப்பு எரிவதைக் கண்டதும் ஊசியைக் கீழே விட்டாள்.

தப்பு ஜெயகரனுடையது. ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவில் வரைபடம் போடுகிறவன் அவன். காய்ச்சல் கணக்குக்காக மாவட்டத்து ஒன்றியங்களைச் சில மண்டலங்களாகச் சேர்க்கச் சொல்லியிருந்தார் மேலதிகாரி டாக்டர் சுப்பராயன். ஆர் என்ற மென்பொருளில் ஒன்றியத்துக்கு ஒரு மண்டல எண் கொடுத்தால் போதும். ஒரே எண் உள்ளவற்றுக்கு நடுவிலிருக்கும் எல்லைக்கோட்டை அது அழித்துவிடும். முந்தின நாள் ஆற்காட்டுக்குப் போட்ட இரண்டு என்ற எண்ணையே கை தவறி ஆலங்காயத்துக்கும் போட்டுவிட்டான். ஒட்டாத ஊர்களாக இருந்தால் என்ன, இரண்டு துண்டான ஒரே நிலம் என்று அது எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க ஆலங்காயத்தில் ஆற்காட்டுப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப் நாற்றம் அடித்தது. வீட்டுக்காரர் வாஹித் பாஷா பின்கதவில் எட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகு, "பின்னால மலை தெரியுதே சார், வாடகைய கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிக்கலாமா?" என்றார். பொன்மலர் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை சுப்பராயன் ஜெயகரன் வீட்டுக்கே நேரில் வந்தார். ஆலங்காயத்துக் காய்ச்சலெல்லாம் ஆற்காட்டுக் கணக்கில் ஏறியிருந்தது. "இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே? என் கண்ணெதிர்லயே மாத்து." ஜெயகரன் கம்ப்யூட்டரில் ஆலங்காயத்துக்கு எதிரே இருந்த இரண்டை அழித்தான். சரியான எண்ணை அடிக்க விரல் வரவில்லை. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த பொன்மலர் திரும்பாமல் கேட்டாள்: "அவர் அடிக்கிறப்ப நான் எந்தப் பக்கம் சார் நிக்கணும்?"

டாக்டர் பின்கதவைத் தாண்டிப் போனார். ஜீப்பில் அரை நாள் குலுங்கி அவர் மருத்துவ முகாமுக்குப் போகும் ஊர். டாக்டரை அடையாளம் கண்டுகொண்ட சனங்கள் சூழ்ந்துகொள்ள, பொழுது சாயும்போதுதான் கையில் ஒரு சீதாப்பழத்தோடு திரும்பினார்.

"ரெண்டே இருக்கட்டும்யா" என்றார். "ரசம் ஊத்தும்மா."

வரைபடம் அப்படியே அச்சானது. இப்போதெல்லாம் ஆலங்காயத்தில் இடி இடித்தால், ஆற்காட்டில் கொடியில் காயும் துணிகளை எடுத்து உள்ளே போட்டுவிடுகிறார்கள்.